எத்தனை நாளைக்கு?

வெளியூர் வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் இரண்டு மாதமாக நம் மேஜை மீதே கிடக்கிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. கடிதத்தின் சாரம் இதுதான்:

அவர் தம் ஊர் ஜமாஅத்தின் நிர்வாகக் குழுவில் ஓர் அங்கத்தினர். மஹல்லாவில் ஒரு குழந்தைக்குப் பிறவியிலேயே அபூர்வமான ஒரு நோய். கோஷே நோய் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் நரம்பு வழியாக மருந்து ஏற்றி வர வேண்டும். மருந்து வேறொரு வழியில் இலவசமாகக் கிடைத்து வருகிறது. பயணச் செலவு, தங்கும் செலவு, தகப்பனார் வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலி ஆகியவற்றை ஜமாஅத் ஏற்றுக்கொண்டது. இரண்டு வருஷம் சந்தோஷமாகவே கொடுத்தார்கள். மூன்றாம் வருஷக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "கொடுக்க மனமில்லாமல் கேட்கவில்லை. ஆனால் இது எத்தனை நாளைக்கு?" என்றாராம். யாரும் பதில் சொல்லவில்லை. வாசலருகே நின்றிருந்த குழந்தையின் தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டாராம். "அவரைத் திரும்பக் கூப்பிட்டு நாங்கள் என்ன சொல்வது?" என்பதே வாசகரின் கேள்வி.

அந்தப் பெரியவரைக் கடிந்து நாலு வரி எழுதுவது சுலபம். நாமும் முதலில் அப்படித்தான் எழுதினோம். எழுதியதைக் கிழித்துப் போட்டோம். ஏனெனில், நம் வீட்டு முதியவர் ஒருவர் வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது இதே கேள்வி நம் உள்ளத்திலும் எழுந்ததுண்டு. நாம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, பெரியவர் சொல்லிவிட்டார். வித்தியாசம் அவ்வளவுதான். ஆகவே கேள்வியை அலட்சியப்படுத்தாமல், நியாயமான கேள்வி என்றே எடுத்துக்கொண்டு சிந்திப்போம்.

நோயும் மருந்தும்

முதலில் நோய் இன்னதென்று தெரிய வேண்டும். தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்வது நமக்கு அழகல்ல.

நம் உடலில் இரத்த அணுக்கள் ஓயாமல் பிறந்து, முதிர்ந்து, அழிகின்றன. முதிர்ந்த அணுக்களை விழுங்கிச் சிதைப்பதற்கென்றே மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் துப்புரவு உயிரணுக்கள் இருக்கின்றன. அப்படிச் சிதைக்கும்போது மிஞ்சுகிற ஒருவகைக் கொழுப்பைக் கரைக்க என்ஸைம் எனப்படும் ஒரு நொதி தேவை. அந்த நொதி சரிவர அமையாமல் பிறக்கிறவர்களுக்குக் கொழுப்பு கரையாமல் அந்த உயிரணுக்களிலேயே தங்கிவிடுகிறது. மண்ணீரல் பல மடங்கு வீங்கி வயிறு முன்னே தள்ளுகிறது. இரத்தம் குறைகிறது. சிறு காயத்திலும் இரத்தம் நிற்க மறுக்கிறது. எலும்புகள் வலித்து, வலுவிழந்து, முறிகின்றன.

1882ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து மருத்துவர் ஃபிலிப் கோஷே, மண்ணீரல் வீங்கியிருந்த முப்பத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தியின் நோயை முதன்முதலாக விவரித்து எழுதினார். அவர் அதை ஒருவகைக் கட்டி என்றே எண்ணினார். குறைவது ஒரு நொதி என்று தெரிய எண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வாஷிங்டன் நகரை அடுத்த பெதஸ்டாவில், அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ராஸ்கோ பிராடியும் அவருடைய கூட்டாளிகளும் 1965இல் அதைக் கண்டுபிடித்தார்கள். இல்லாததை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்று பிராடி யோசித்தார். பிரசவத்துக்குப் பின் வெளியேறும் நஞ்சுக்கொடியிலிருந்து அந்த நொதியைப் பிரித்தெடுத்து இரண்டு நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்த விவரம் 1974இல் வெளிவந்தது. தேங்கிய கொழுப்பு குறைந்தது உண்மை. ஆனால் பின்னர் செய்த சோதனைகளில் அதே பலன் நிச்சயமாகக் கிடைக்கவில்லை. ஏற்றிய மருந்து, போக வேண்டிய துப்புரவு உயிரணுக்களுக்குப் போதிய அளவு போய்ச் சேரவில்லை. நொதியோடு ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியைக் கொஞ்சம் நறுக்கிவிட்டால் அந்த உயிரணுக்கள் அதை அடையாளம் கண்டு இழுத்துக்கொள்ளும் என்று பிறகு தெரிந்தது. 1983இன் இறுதியில் ஒரு சிறுவனுக்கு அந்தப் புதிய மருந்து ஏற்றப்பட்டது, அவன் தேறினான். பன்னிரண்டு நோயாளிகளிடம் கண்ட பலனை வைத்து 1991இல் அமெரிக்க அரசு மருந்தை அங்கீகரித்தது.

1965 எங்கே, 1991 எங்கே! இருபத்தாறு வருஷம். இடையில் தோல்வி வந்தபோது, "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று அவர்களும் கேட்டு எழுந்து போயிருந்தால், இன்று அந்த மஹல்லாக் குழந்தைக்கு ஏற்ற எந்த மருந்தும் இருந்திராது.

ஆரம்பத்தில் ஒரே ஒரு நோயாளிக்கு ஒரு வருஷ மருந்து செய்ய ஏறத்தாழ 20,000 நஞ்சுக்கொடிகள் வேண்டியிருந்தன. அத்தனை தாய்மார்களின் உடலிலிருந்து கழிந்ததைக் கொண்டு யாரோ ஒருவரின் உயிர் காக்கப்பட்டது. 1994 முதல், ஹாம்ஸ்டர் எனும் எலி இனத்தின் சினைப்பையிலிருந்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் பெருக்கப்படும் உயிரணுக்களைக் கொண்டு மருந்து தயாராகிறது. காரட் செடியின் உயிரணுக்களிலிருந்து செய்யப்படும் மருந்தொன்றும் 2012இல் அங்கீகாரம் பெற்றது. மருந்தின் மூலப்பொருள் பற்றி எவருக்கேனும் மார்க்க ரீதியான ஐயம் இருப்பின், ஆலிம்களிடம் விவரத்தை முழுமையாகச் சொல்லித் தெளிவு பெறட்டும். அரைகுறையாகச் சொல்லிவிட்டு, அரைகுறையாகப் பதில் வாங்கிக்கொண்டு, மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

இந்த மருந்து என்ன செய்யும்? வீக்கம் வடியும், இரத்தம் ஊறும், குழந்தை ஓடியாடும், பள்ளிக்கூடம் போகும். எலும்பு தேறுவதற்கு நாள் அதிகமாகும். மூளையை மட்டும் இம்மருந்து எட்டாது. ஆகவே மூளையைத் தாக்கும் கடுமையான வகையில் அந்தப் பாதிப்பை இதனால் தடுக்க முடிவதில்லை. மற்ற வகையில் பலன் பெரிது. ஆனால் நிறுத்தினால் கொழுப்பு மீண்டும் தேங்கும், நோய் திரும்பும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக, ஆயுள் முழுவதும் ஏற்றியாக வேண்டும். பெரியவரின் கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

தீராத நோய்க்கு மருந்து எதற்கு?

எந்த நோயையும் அதற்குரிய நிவாரணமின்றி இறைவன் இறக்கவில்லை என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை நாம் அறிவோம். "தீர்க்காத மருந்து நிவாரணம் ஆகுமா?" என்று சிலர் கேட்கக்கூடும்.

அவர்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம்: பசி தீர்ந்துவிட்டதா? காலையில் உண்டோம், மதியம் பசிக்கிறது. நேற்று உண்டது இன்றைக்கு ஆகவில்லை. அதற்காகச் சோறு பயனற்றது என்று எவரும் சொன்னதில்லை. பிள்ளையைப் பார்த்து, "உனக்கு எத்தனை நாளைக்குச் சோறு போடுவது?" என்று கேட்கும் தகப்பனை ஊரே தூற்றும். இந்தக் குழந்தைக்கு மருந்தும் ஒருவகைச் சோறுதான். நம் உடலில் அல்லாஹ் நாம் கேளாமலே ஒவ்வொரு நொடியும் சுரக்கச் செய்கிற ஒன்று அதன் உடலில் சரியாகச் சுரக்கவில்லை. அதைப் பையில் நிரப்பிச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். நமக்கு இலவசமாகக் கிடைத்து வருவதால் நாம் அதன் விலையை அறியவில்லை. நன்றி சொல்லவும் நினைத்ததில்லை.

"இறைவன் விதித்தபடி ஆகட்டும், ஸப்ர் செய்யுங்கள்" என்று அந்தத் தாய்க்கு உபதேசிப்பவர்களும் உண்டு. ஸப்ர் மேலான குணம்தான். ஆனால் அதை நாம் நமக்கு உபதேசித்துக்கொள்ள வேண்டும். பிறருடைய மருந்தை மிச்சப்படுத்துவதற்காக அவருக்கு உபதேசிக்கலாகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்றுக்கொடுக்கப்பட்ட சமுதாயம் நாம். பதினைந்து நாளைக்கொருமுறை விடியற்காலையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற அந்தத் தாய் தகப்பனின் ஸப்ரை விடப் பெரிய ஸப்ரை நாம் எங்கே போய்க் காட்டப் போகிறோம்?

கணக்குக் கேட்பவர்

இனி, கேள்வியின் கடினமான பகுதிக்கு வருவோம். "ஒரு குழந்தைக்கு ஆகும் செலவில் நூறு குழந்தைகளைக் காப்பாற்றலாமே?" என்று கேட்பவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். அவர் சொல்லும் கணக்கும் பொய்யல்ல.

2014 ஏப்ரலில் டில்லி உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தீர்ப்பாயிற்று. கூலி உழைப்பில் வாழும் ஏழை ஒருவரின் மகனுக்கு இதே நோய். மருந்துச் செலவு மாதம் ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் என்று கணக்குச் சொல்லப்பட்டது. உயிர் வாழும் உரிமையில் ஆரோக்கியமும் அடக்கம், வறியவன் என்ற காரணத்தால் கிடைக்கக்கூடிய மருந்தை ஒருவனுக்கு மறுத்துவிடலாகாது என்ற கருத்தில் நீதிமன்றம் முடிவு செய்து, இலவசமாக மருந்து வழங்கும்படி டில்லி அரசுக்கு உத்தரவிட்டது. பின்னர் 2021இல் மத்திய அரசு அபூர்வ நோய்களுக்கான கொள்கையொன்றை வெளியிட்டது. 2022இல் உதவித்தொகையின் உச்சவரம்பு நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் என உயர்த்தப்பட்டது. பெரிய தொகைதான். ஆனால் டில்லி வழக்கில் சொன்ன கணக்கையே வைத்துப் பார்த்தால் அது பதினோரு மாதத்துக்குக்கூட வராது. இன்னொன்றும் உண்டு. மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. பிள்ளை வளர வளர மருந்தும் கூடும், விலையும் கூடும். மற்ற வீடுகளில் பிள்ளையின் எடை ஏறினால் பெற்றவர்கள் மகிழ்கிறார்கள். இந்த வீட்டில் மகிழ்ச்சியோடு ஒரு திகிலும் வருகிறது.

விலை ஏன் இவ்வளவு? நோயாளிகள் சொற்பம். சொற்பப் பேருக்காக மருந்து செய்ய யாரும் முன்வராத நிலையில், முன்வருவோருக்கு ஏழு வருஷம் போட்டியில்லாத விற்பனை உரிமை தரும் சட்டத்தை 1983இல் அமெரிக்கா கொண்டு வந்தது. அச்சட்டத்தால் மருந்துகள் பிறந்தன. விலை நிர்ணயம் ஒரே கையில் சிக்கியதும் அதனால்தான். ஆக, நோயை நாம் உண்டாக்கவில்லை. ஆனால் விலை மனிதர் வகுத்தது. மனிதர் வகுத்ததை மனிதர் பேசி மாற்றலாம். "அல்லாஹ்வின் நாட்டம்" என்று விலைச் சீட்டையும் சேர்த்துச் சொல்லிவிடக் கூடாது.

நூறு குழந்தைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் குழந்தைக்குக் கொடுக்காமல் நிறுத்திய பணம் அந்த நூறு குழந்தைகளுக்குப் போய்ச் சேருமா? சேரும் என்று எழுதி வைத்து, அவ்வாறே கொடுத்துக் காட்டுகிறவர் கணக்குக் கேட்கட்டும். அவருக்கு அந்த உரிமை உண்டு. பெரும்பாலும் நடப்பது வேறு. இந்தக் குழந்தைக்கு மறுக்கும்போது மட்டும் அந்த நூறு குழந்தைகள் நம் ஞாபகத்துக்கு வருகிறார்கள். கல்யாணப் பந்தலுக்குச் செலவு செய்கையில் வருவதில்லை.

இதனால், மஹல்லாவிலுள்ள விதவைகளையும் யத்தீம்களையும் பட்டினி போட்டுவிட்டு எல்லாவற்றையும் இந்த ஒரு வீட்டுக்கே கொடுங்கள் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். கைக்கு எல்லை உண்டு. எல்லை வரும்போது எப்படி நடந்துகொள்வது என்பதற்கு இந்த நோயின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2009 ஜூனில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இம்மருந்து தயாரான ஆலையில் ஒரு வைரஸ் புகுந்து, உற்பத்தி நின்றது. உலகெங்கும் மருந்துக்குத் தட்டுப்பாடு. மருத்துவர்கள் கூடிப் பேசினார்கள். குழந்தைகளுக்கும் நோய் கடுமையாக உள்ளவர்களுக்கும் முதலிடம் தருவதென வழிகாட்டினார்கள். மற்றவர்களில் பலருக்கு அளவு குறைந்தது; சிலருக்குக் கொஞ்ச காலம் மருந்தே நின்றது. குறைக்க வேண்டி வந்தபோது யாருக்குத் தேவை அதிகம் என்று பார்த்தார்கள். கொடுப்பவருக்குச் சலிப்பு வந்துவிட்டதா என்பது அங்கே அளவுகோலாக இல்லை. நமக்கும் அதுவே அளவுகோலாக இருக்கட்டும்.

சலிப்பு எங்கிருந்து வருகிறது?

உண்மையைச் சொல்வதானால், பணம் தீர்ந்து போனதால் அந்தக் கூட்டத்தில் அப்பேச்சு எழவில்லை. வாசகரின் கடிதமே அதற்குச் சாட்சி. ஒரு வருஷத்துக்கு அந்தக் குடும்பத்துக்கு ஆகும் தொகை, அதே கூட்டத்தில் முகப்பு வளைவுக்குச் சாயம் பூச ஒதுக்கிய தொகையைவிடக் குறைவு என்று அவரே எழுதியிருக்கிறார்.

நாம் கொடுக்கும்போது ஒரு முடிவைக் காண ஆசைப்படுகிறோம். மினாரா கட்டினால் ஒருநாள் முடியும். திறப்பு விழா நடக்கும். பெயர் பொறித்த கல் பதியும். ஆபரேஷனுக்குக் கொடுத்தால் பிள்ளை பிழைத்து வீடு திரும்பும். தாயார் வந்து துஆ செய்துவிட்டுப் போவார். ஆயுள் முழுவதும் ஏற்ற வேண்டிய மருந்துக்குத் திறப்பு விழா கிடையாது. கொடுத்தவர் பெயர் பதியக் கல்லும் கிடையாது. நாம் கொடுத்ததால் என்ன நடந்தது என்று கேட்டால், "ஒன்றும் நடக்கவில்லை, குழந்தை நேற்றுப்போல் இன்றும் இருக்கிறது" என்பதே பதில். அந்த ஒன்றும் நடக்காமைக்காகத்தான் இத்தனை பாடும். அதைப் புரிந்துகொள்ளாத மனம் சலித்துப் போகிறது.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது, குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற கருத்துடைய நபிமொழியை எத்தனையோ ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். தஹஜ்ஜுத் தொழுகைக்கும் திக்ருக்கும் அதைப் பொருத்திக்கொண்ட நாம், ஒரு குழந்தையின் பஸ் கட்டணத்துக்குப் பொருத்திப் பார்க்கத் தவறிவிட்டோம். ஐந்து வேளைத் தொழுகையைப் பார்த்து, "எத்தனை நாளைக்கு?" என்று எந்த முஸ்லிமும் கேட்பதில்லை. பதில் எல்லோருக்கும் தெரியும்: மூச்சு இருக்கும் வரை.

அந்த வீட்டாருக்கு இன்னொரு துன்பமும் உண்டு. பிறவி நோய் என்றதும் ஊர் வாய் தாயைத்தான் முதலில் தேடிப் போகிறது. "எந்த வம்சத்து தோஷமோ, என்ன பாவமோ" என்கிறார்கள். இது அறியாமை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதுபட்ட கூறு ஒவ்வொன்று வந்து சேர்ந்தால்தான் இந்நோய் வரும். இருவருக்கும் நோய் இராது. தம்மிடம் இருப்பதும் தெரியாது. அத்தகையவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்புண்டு. ஆகவே தாயை மட்டும் குற்றம் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சம்பந்தம் செய்துவரும் குடும்பங்களில் இவ்வாய்ப்பு கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தகைய திருமணத்தை மார்க்கம் அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. இத்தகைய நோய் கண்ட குடும்பத்தார் அடுத்த சம்பந்தம் பேசுமுன் டாக்டரிடம் ஆலோசனை கேட்பது விவேகம்.

என்ன சொல்வது?

வாசகருக்கும் அவருடைய ஜமாஅத்தாருக்கும் நம்முடைய பணிவான ஆலோசனை இது.

"எத்தனை நாளைக்கு?" என்பதைக் கேட்கக் கூடாத கேள்வியென்று நாம் சொல்லவில்லை. வாங்குகிறவரைப் பார்த்துக் கேட்கக் கூடாது. கொடுக்கிறவர்கள் தங்களுக்குள் கேட்டு, தாங்களே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். வருஷத் துவக்கத்திலேயே உட்கார்ந்து, இந்த வருஷம் இவ்வளவு முடியும் என்று ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். தனியே எடுத்து வையுங்கள். குறைவாக இருந்தாலும் பரவாயில்லை; நிச்சயமாக இருக்கட்டும். அடுத்த வருஷம் குறையுமானால் ஆறு மாதம் முன்பே சொல்லுங்கள். அவர் வேறு வழி பார்த்துக்கொள்ள அவகாசம் இருக்கும். அந்த மனிதரைக் கொல்வது தொகையின் சிறுமை அல்ல. அடுத்த முறை கிடைக்குமா, கிடைக்காதா என்று தெரியாமல் ஒவ்வொரு பதினைந்து நாளும் வாசலில் வந்து நிற்கிறாரே, அதுதான் அவரைக் கொல்கிறது.

பணத்தை ஒருவர் பொறுப்பில் விட்டு, வீடு தேடிக் கொடுத்து வரச் செய்யுங்கள். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவது தருமத்தைப் பாழாக்கும் என்பது இறைமறை கற்பித்த பாடம். கூட்டத்தில் அவர் முன்னிலையில் அதைப் பேசுவதும் சொல்லிக் காட்டுவதில் சேர்ந்ததே. ஜகாத் நிதியிலிருந்து கொடுப்பதானால் எந்த வகையில் கொடுப்பது என்பதை ஆலிம்களிடம் கேட்டு முறைப்படி செய்யுங்கள். படித்த வாலிபர் ஒருவரை அரசாங்க மனுக்களுக்கும் ஆஸ்பத்திரிக் காகிதங்களுக்கும் துணையாக விடுங்கள். லட்சக்கணக்கான மருந்துச் செலவை ஒரு மஹல்லா சுமக்க முடியாது. அது அரசாங்கம் சுமக்க வேண்டிய பாரம். ஆனால் அந்தக் கதவைத் தட்ட ஒரு துணை தருவது மஹல்லாவால் முடியும். மாதத்தில் ஒரு முறையாவது அந்தத் தகப்பனுக்குப் பதிலாக வேறொருவர் கூடப் போய் வரட்டும். மருந்து ஏறும் நேரமெல்லாம் அந்தச் சிறு கையை அசையாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து பார்த்தவர், திரும்பி வந்து ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்.

கடைசியாக, அவரைத் திரும்ப அழைக்கப் போகிறவர் யார்? அந்தப் பெரியவரே போகட்டும். அவர் கெட்டவரல்லர், நம் எல்லோர் மனத்திலும் இருந்ததைச் சொன்னவர். போய், "தம்பி, நான் கேட்டது தப்பு. பதில் சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல, நாங்கள். இந்த வருஷத்துக்கு இவ்வளவு என்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த வருஷமும் உட்கார்ந்து பேசுவோம். பிள்ளைக்கு மருந்து ஏற்றுகிற நாள் எது? நான் கூட வருகிறேன்" என்று சொல்லட்டும். இதைவிட நல்ல பதில் நமக்குத் தோன்றவில்லை.

கேளாமலே நமக்கு அனைத்தையும் கொடுத்து, எத்தனை நாளைக்கு என்று ஒருநாளும் கேளாதிருக்கிற வல்ல நாயன், அக்குழந்தைக்கும் அதுபோன்ற குழந்தைகளுக்கும் பூரண சுகத்தையும், நமக்குச் சலியாத கையையும் தந்தருள்வானாக! ஆமீன்.